கடுமையான டிக் நோய்க்கு ஆழ்மூளைத் தூண்டல்: திருகோணமலைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நான் டொக்டர் இல்லை. டூரெட் என்ற டிக் நோய் உள்ள ஒருவரின் அக்கா. தம்பிக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்துச் சிறு மின்சாரத்தால் தூண்டுகிற சிகிச்சைதான் ஆழ்மூளைத் தூண்டல், டொக்டர்மார் டி.பி.எஸ். என்பார்கள். அதைப் பற்றி அவனுக்காக வாசித்ததையும் கேட்டறிந்ததையும் வைத்து, உப்புவெளி, கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து பலர் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். உங்கள் வீட்டு ஆளுக்கு எது சரி என்பதை அவரைப் பார்க்கிற டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

டிக் என்றால் என்ன? அது வலிப்பா?

வலிப்பு இல்லை. டிக் என்பது திடீரென்று, திரும்பத் திரும்ப வருகிற அசைவு அல்லது சத்தம். கண் சிமிட்டல், தோள் குலுக்கல், கழுத்தை வெட்டி இழுத்தல், தொண்டையைச் செருமல், மூக்கை உறிஞ்சல், சிலருக்கு முழுச் சொல்லே வாயில் வந்து விழும். ஆள் முழு நினைவோடுதான் இருப்பார். வருவதற்குச் சற்று முன் உடம்புக்குள் ஓர் உந்துதல் எழும். கண்ணில் கடற்கரை மணல் விழுந்தால் எவ்வளவு நேரம் கசக்காமல் இருப்பீர்கள்? கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாம், அப்புறம் கை தானாகப் போகும். டிக்கை அடக்குவதும் அப்படித்தான்.

குறைந்தது இரண்டு அசைவு டிக்கும் ஒரு குரல் டிக்கும் இருந்து, 18 வயதுக்கு முன் தொடங்கி, ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் அதை டூரெட் என்கிறார்கள். ஜோர்ஜ் ஜில் டி லா டூரெட் என்ற பிரெஞ்சு டொக்டர் 1885-இல் ஒன்பது நோயாளிகளைப் பற்றி எழுதினார். பெயர் அங்கிருந்து வந்தது. கெட்ட வார்த்தை பேசுவதுதான் இந்த நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அது 100 பேரில் 10 முதல் 15 பேருக்குத்தான் வரும்.

கோயிலில் நூல் கட்டினோம், தண்ணீர் ஓதிக் குடிக்கக் கொடுத்தோம். ஒரு மாதம் நின்றது, பிறகு திரும்பி வந்துவிட்டது. ஏன்?

டிக்கின் இயல்பே கூடிக் குறைவதுதான். சில வாரம் உச்சத்தில் நிற்கும், சில வாரம் காணாமலே போகும், பழையது போய்ப் புதியது வரும். உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கோணேசர் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ ஓடுகிறோம். அதற்குப் பிறகு எப்படியும் குறையத்தான் போகிறது. புது மருந்து தொடங்கும்போதும் அதனால்தான் குறைந்தது என்று இப்படியே நினைத்துவிடுவோம், ஆகவே எதையும் இரண்டு மூன்று கிழமையில் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. கும்பிடுங்கள், மனம் ஆறும். ஆனால் பிள்ளையை ஏசுவதும் அடிப்பதும் வேண்டாம். பதற்றம் ஏற ஏற டிக்கும் ஏறும். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

மகனுக்கு 9 வயது. கண்ணும் தோளும் ஓயாமல் துடிக்கின்றன. மூளையில் கருவி வைத்தால் சுகமாகுமா?

அவனுக்கு அது தேவைப்படாது என்பதே பெரும்பாலும் பதில். டிக் வழக்கமாக 5, 6 வயதளவில் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்ம வயதின் கடைசியில் குறையும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர்ந்த பிறகு ஒன்றும் இருக்காது, அல்லது லேசாகத்தான் இருக்கும். புலமைப்பரிசில் பரீட்சை நேரத்தில் டிக் கூடுவதைப் பார்த்து வீடே கலங்கிப்போகிறது. அந்த வயது அப்படிப்பட்ட வயது. பள்ளிக்கூடத்தில் வகுப்பு ஆசிரியரிடம் விளக்கிச் சொல்லுங்கள், இடைக்கிடை வெளியே போய்வர விடச் சொல்லுங்கள். பரீட்சையில் சலுகை வேண்டுமானால் அதிபரிடம் நேரத்தோடே கதையுங்கள்.

அப்படியானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் பிள்ளைகள் கிளினிக்கிலிருந்து தொடங்குங்கள், வளர்ந்தவர் என்றால் மருத்துவ கிளினிக்கோ உளநல கிளினிக்கோ. அங்கிருந்து நரம்பியல் நிபுணருக்குத் துண்டு எழுதுவார்கள்.

சிகிச்சையில் முதலிடம் பயிற்சிக்கு. டிக் வரப்போகிறது என்ற உந்துதலைக் கண்டுபிடிக்கவும், அது வரும் கணத்தில் அதற்கு எதிரான அசைவைச் செய்யவும் பழக்குவார்கள். உதாரணமாக, கழுத்தைப் பின்னால் வெட்டுகிறவருக்கு நாடியை மெல்ல உள்ளே இழுத்து, கழுத்துத் தசையை இலேசாக இறுக்கி, உந்துதல் அடங்கும்வரை ஒரு நிமிடம் போல அப்படியே பிடித்திருக்கச் சொல்வார்கள். பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் 2010-இல் அமெரிக்காவில் 126 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதமானோர் நன்றாக முன்னேறினார்கள். வெறும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதம்தான். மொத்தமே 10 வாரத்தில் 8 அமர்வுகள். தமிழில் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் கிடைப்பதுதான் கஷ்டம். கிளினிக்கில் உளவியலாளர் இருந்தால் கட்டாயம் கேளுங்கள், ஒன்லைனில் செய்தாலும் பலன் உண்டு.

மருந்துகளில் குளோனிடின், குவான்பசின் ஒரு வகை. அரிப்பிப்பிரசோல், ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடோல் இன்னொரு வகை. முதல் வகை தூக்கம் தரும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், திடீரென நிறுத்தக்கூடாது. இரண்டாம் வகையில் உடம்பு பருக்கலாம், சோர்வு வரலாம், சிலருக்கு ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு வரும். ஒரே ஒரு தசைக் கூட்டத்தில்தான் தொல்லை என்றால் அங்கே தசையைத் தளர்த்துகிற பொட்டொக்ஸ் ஊசி போடலாம். என் தம்பிக்குக் கழுத்தில் போட்டார்கள், மருந்தோடு சேர்ந்து அவனுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. டி.பி.எஸ். பேச்சு அதோடு தள்ளிப்போனது.

பிறகு யாருக்குத்தான் இந்தச் சத்திரசிகிச்சை?

மிகச் சிலருக்கு. கழுத்தை வெட்டி வெட்டி முள்ளந்தண்டு நரம்பே பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கை கால் விறைத்துப் போகும். தன் முகத்தில் தானே குத்துகிறவர்கள், கண்ணில் இடித்துப் பார்வைக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கத்தலை அடக்க முடியாமல் வருடக்கணக்காக வீட்டை விட்டு வெளியே வராதவர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்காகத்தான் இந்த வழி தேடப்பட்டது.

கடுமையை அளக்க யேல் டிக் அளவுகோல் என்று ஒன்று உண்டு. டிக்குக்கு 50, அதனால் வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது என்பதற்கு 50, மொத்தம் 100. டிக் பகுதியில் 35-க்கு மேல் இருந்தால்தான் பொதுவாக டி.பி.எஸ். பற்றி யோசிக்கிறார்கள். பல வகை மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் எடுத்திருக்க வேண்டும். பயிற்சியும் முயன்றிருக்க வேண்டும். முன்பு 25 வயதுக்குக் கீழே செய்யக்கூடாது என்றே வழிகாட்டி இருந்தது. 2015-இல் அந்தக் கறாரான எல்லையைத் தளர்த்தினார்கள், ஆனால் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் வைத்தியசாலையின் ஒழுக்கநெறிக் குழுவும் பார்க்க வேண்டும் என்றார்கள்.

மனநிலையும் சேர்த்துப் பார்க்கப்படும். டூரெட் உள்ளவர்களில் பலருக்குக் கவனக்குறைவும் துடியாட்டமும் இருக்கும், அல்லது ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற எண்ணச் சுழற்சி இருக்கும். மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போதோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கும்போதோ சத்திரசிகிச்சை செய்ய மாட்டார்கள், முதலில் அதற்குச் சிகிச்சை. அப்படியான எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் கிளினிக் நாள்வரை காத்திராமல் 1926-க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவிச் சேவை.

மகளுக்கு 15 வயது. போன மாதம் திடீரென்று, ஒரே நாளில், கையை வீசிக் கத்தத் தொடங்கினாள். இதுவும் டூரெட்டா?

அநேகமாக வேறு. டூரெட் சின்ன வயதில், முகத்தில் கண்ணில், மெதுவாகத் தொடங்குகிறது. பதின்ம வயதில், கூடுதலாகப் பெண் பிள்ளைகளுக்கு, ஒரே நாளில் பெரிய அசைவுகளோடு தொடங்குவது செயற்பாட்டுக் கோளாறு எனப்படும் இன்னொரு வகை. கொரோனா காலத்தில் பல நாடுகளில் இது கூடியது. பிள்ளை நடிக்கவில்லை, அவள் படும் பாடு உண்மை. ஆனால் சிகிச்சை வேறு, அதற்கு மூளைக்குள் கருவி வைப்பது பிழை. நிபுணர் முதலில் பிரித்துப் பார்ப்பது இதைத்தான்.

மூளைக்குள் என்ன வைக்கிறார்கள்?

ஒன்றேகால் மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள மெல்லிய கம்பி, வழக்கமாக இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அதன் நுனியில் நான்கு அல்லது கூடுதலான மின்முனைகள். கம்பி தலைத் தோலுக்கும் கழுத்துத் தோலுக்கும் அடியால் இறங்கி, காறை எலும்புக்குக் கீழே நெஞ்சில் வைத்த பற்றரிப் பெட்டியோடு சேரும். இதயத்துக்கு வைக்கிற பேஸ்மேக்கரை ஒத்த பெட்டி. அது விநாடிக்கு 130 தடவை அளவில் சிறு மின்துடிப்புகளை அனுப்பும்.

அசைவுகளைத் தொடங்குவதும் தடுப்பதும் மூளையின் அடியில் உள்ள சில கருக்களும் (நரம்புக்கலக் கூட்டங்கள்), தலமஸ் என்ற ஆழமான பகுதியும், புறணி என்ற மூளையின் மேற்படையும் சேர்ந்த சுற்றுகளின் வேலை. டிக் நோயில் அந்தச் சுற்றில் தடுப்பு தளர்ந்து, வேண்டாத துண்டு அசைவுகள் நழுவி வெளியே வந்துவிடுகின்றன. துடிப்பான மின்சாரம் அந்தத் தவறான சைகையைக் குலைக்கிறது என்பதே இப்போதைய விளக்கம்.

கம்பியைத் தலமசின் நடுப்பகுதியில் வைப்பவர்களும் உண்டு, குளோபஸ் பலிடஸ் என்ற கருவின் உட்பகுதியில் வைப்பவர்களும் உண்டு. இதுதான் சிறந்த இடம் என்று இன்னும் தீர்ப்பு வரவில்லை. 1970-இல் ஹஸ்லர், டீக்மான் என்ற ஜெர்மன் டொக்டர்மார் தலமசின் பகுதியைச் சுட்டு அழித்து டிக்கைக் குறைத்ததாக எழுதினார்கள். அழித்ததைத் திரும்பப் பெற முடியாது. 1999-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் டொக்டர்மார் ஏறக்குறைய அதே இடத்தில், அழிக்காமல், கம்பி வைத்துத் தூண்டிப் பார்த்தார்கள். டூரெட்டுக்கான டி.பி.எஸ். அப்படித்தான் தொடங்கியது.

எவ்வளவு பலன் கிடைக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.

இரண்டு வகைச் சான்றுகள் உண்டு, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலாவது, சத்திரசிகிச்சை செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்த பதிவேடு. 10 நாடுகளில் 31 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 185 பேரின் கணக்கு 2018-இல் வெளிவந்தது. யேல் அளவுகோலில் சராசரி 75 ஆக இருந்த மொத்தப் புள்ளி ஒரு வருடத்தில் 41 ஆனது, அதாவது 45 சதவீதக் குறைவு. 75-இல் இருப்பவர் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவராக இருக்கலாம். 41-இல் இருப்பவருக்கு டிக் இன்னும் இருக்கும், ஆனால் பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போக முடியலாம்.

இரண்டாவது, கருவி இயங்குகிறதா நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று நோயாளிக்கும் தெரியாமல், அளப்பவருக்கும் தெரியாமல் செய்த ஆய்வுகள். இவற்றில் பலன் சிறுத்துப்போகிறது. 2015-இல் லண்டன் குழு வெளியிட்ட ஆய்வை முடித்த 13 பேரில், கருவி இயங்கும்போது நிறுத்தியிருந்ததைவிடப் புள்ளி சராசரி 15 சதவீதம் குறைவு. 2017-இல் வந்த பிரெஞ்சு ஆய்வில் 16 பேரை மூன்று மாதம் பார்த்ததில், இயக்கியவர்களுக்கும் இயக்காதவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கருவி இயங்குவது எல்லோருக்கும் தெரிய, மறைவில்லாமல் தொடர்ந்து பார்த்தபோது இரண்டிலும் முன்னேற்றம் கூடியது.

என் கருத்து இது: பலனைப் பார்க்க மூன்று மாதம் போதாது என்பதும் உண்மை, எதிர்பார்ப்பே கொஞ்சம் குணம் தந்திருக்கும் என்பதும் உண்மை. முழுச் சுகம் என்று யாராவது வாக்குத் தந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் டி.பி.எஸ்.ஸைப் பார்க்கின்சன் நோய்க்கு அனுமதித்திருக்கிறது, டூரெட்டுக்கு இன்னும் அனுமதி தரவில்லை.

கருவியை ஓன் பண்ணியதும் நடுக்கம் சட்டென்று நிற்கிற வீடியோ பார்த்தோமே?

அது அநேகமாகப் பார்க்கின்சன் நடுக்கம், அல்லது வேறு வகை நடுக்கம். அங்கே பலன் கண்முன்னே தெரியும். டிக்கில் அப்படி நடப்பது குறைவு, வாரங்கள் மாதங்கள் எடுக்கும். அந்த வீடியோவை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் முதல் மாதத்திலேயே உடைந்துபோகிறார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்ன நடக்கும்?

எல்லோரும் சத்திரசிகிச்சை எங்கே செய்கிறார்கள் என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகு கருவியை யார் சரிப்படுத்துவார் என்று யாரும் கேட்பதில்லை. திருகோணமலையில் இருக்கிற நமக்கு இதுதான் முக்கியமான கேள்வி.

காயம் ஆறிய பிறகு கருவியை இயக்கி, ஒவ்வொரு மின்முனையாகப் பரிசோதிப்பார்கள். டொக்டர் கையில் டாப்லெட் போன்ற கருவி. ஒரு முனையைத் தெரிவுசெய்து மின்சாரத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டுவார். 'கை விறைக்கிறதா? நாக்குத் தடிக்கிறதா? தலை சுற்றுகிறதா? மனதுக்குள் ஏதாவது மாதிரி இருக்கிறதா?' என்று ஒவ்வொரு படியிலும் கேட்பார். நோயாளி விறைக்கிறது என்றதும் ஒரு படி இறக்கி, குறித்துக்கொண்டு, அடுத்த முனைக்குப் போவார். இப்படி எட்டு முனைகள் என்றால் ஒரு முழுக் காலைப்பொழுது போய்விடும். அன்று தெரிவது பக்கவிளைவு எங்கே தொடங்குகிறது என்பது மட்டும்தான். டிக் குறைகிறதா என்பதை வீட்டுக்கு வந்து சில வாரம் பார்த்துத்தான் சொல்லலாம். பிறகு திரும்பப் போக வேண்டும், மாற்ற வேண்டும், வர வேண்டும்.

கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். கழுத்து டிக் உள்ளவர் இரவு ரயிலில் போய் வருவதே ஒரு வேதனை. இந்தியாவில் செய்தால் விசாவும் விமானமும் சேரும். ஆகவே முதல் வருடத்தில் எத்தனை முறை வர வேண்டும், தூரத்திலிருந்தே சரிப்படுத்தக்கூடிய கருவியா, அவசரம் என்றால் இலங்கையில் அந்தக் கருவியைத் தெரிந்தவர் யார் என்ற மூன்றையும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஆபத்துகள்?

மூளைக்குள் இரத்தக் கசிவுதான் பெரிய பயம். மேலே சொன்ன பதிவேட்டில் அது 1.3 சதவீதம். தொற்று 3.2 சதவீதம். தொற்று வந்தால் சிலருக்குக் கருவியையே எடுக்க நேரும். டிக் உள்ளவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும்: காயத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தோன்றும், கழுத்து வெட்டு கம்பியை இழுக்கும். முதல் வாரங்களில் வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும்.

தூண்டலால் வருபவை வேறு. விறைப்பு 8 சதவீதம், பேச்சுக் குழறல் 6 சதவீதம் அளவில் பதிவாகியிருக்கிறது. மனநிலை ஏறி இறங்குவதும் உண்டு. ஆள் வழக்கத்துக்கு மாறாகத் துள்ளிக்கொண்டிருந்தாலும் அது ஒரு அறிகுறிதான், சந்தோஷம் என்று விட்டுவிடாதீர்கள். அளவை மாற்றினால் இவை பெரும்பாலும் போகும். பிடிக்கவில்லை என்றால் கருவியை நிறுத்தலாம், கழற்றவும் செய்யலாம்.

அதை வைத்துக்கொண்டு அன்றாடம் எப்படி?

பெரும்பாலும் சாதாரணமாகத்தான். சைக்கிள் ஓடலாம், கோயிலுக்குப் போகலாம், காயம் ஆறியதும் நிலாவெளியில் குளிக்கலாம். ஆழ்கடலில் மூழ்குகிறவர்கள், சங்கு குளிக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: சில கருவிகளோடு 10 மீற்றருக்குக் கீழே போகக்கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். வெல்டிங் வேலையும் அப்படி, கேட்காமல் தொடாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் எல்லாக் கருவிக்கும் ஆகாது. நோவுக்கு வெப்பம் தரும் டயதர்மி சிகிச்சை உடம்பில் எங்குமே கூடாது, உயிருக்கே ஆபத்து. இயன்மருத்துவப் பிரிவுக்கு எதற்காகப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள். கருவி அட்டையைக் கிளினிக் கொப்பியோடு எப்போதும் வைத்திருங்கள்.

பற்றரி இரண்டு வகை. சார்ஜ் செய்யாதது சில வருடங்களில் தீரும், சின்னச் சத்திரசிகிச்சை செய்து மாற்ற வேண்டும், அதற்கு ஒவ்வொரு முறையும் செலவு. சார்ஜ் செய்வது பல வருடம் நிற்கும், ஆனால் நெஞ்சில் சார்ஜரை வைத்துக்கொண்டு ஒழுங்காக ஏற்ற வேண்டும். 2022 மின்வெட்டுகளை நாம் மறக்கவில்லை. அந்த வகை வைத்திருப்பவர் எப்போதும் நிரப்பியே வைத்திருப்பது நல்லது. பற்றரி தீர்ந்தால் டிக் திரும்பி வரலாம்.

எங்கே போவது? செலவு?

இலங்கையில் வழி நரம்பியல் கிளினிக் ஊடாகத்தான்: இங்கிருந்து துண்டு, பிறகு கொழும்பு அல்லது கண்டி தேசிய வைத்தியசாலை. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா இரண்டும் டி.பி.எஸ்.ஸில் பல வருட அனுபவமுள்ள நிறுவனங்கள். 'டூரெட்டுக்கு எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?' என்று நேராகக் கேளுங்கள். பார்க்கின்சனில் கைதேர்ந்த இடமெல்லாம் டிக்கிலும் கைதேர்ந்ததாக இருக்க வேண்டும் என்றில்லை.

செலவில் பெரும் பங்கு கருவிக்குத்தான். கருவி, சத்திரசிகிச்சை, பிறகு வருகிற சரிப்படுத்தல், அடுத்த பற்றரி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். காணியை விற்கவோ நகையை அடகு வைக்கவோ முன், பயிற்சியும் மருந்தும் ஊசியும் உண்மையிலேயே முழுதாக முயன்று பார்க்கப்பட்டனவா என்று நிபுணரிடம் இன்னொரு தடவை கேட்டுவிடுங்கள்.

கிளினிக்குக்கு என்ன கொண்டுபோவது?

இதுவரை எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, எத்தனை மாதம், ஏன் நிறுத்தினீர்கள் என்ற பட்டியல். டிக் எப்போது தொடங்கியது, எது எதுவாக மாறியது என்ற குறிப்பு. அப்புறம் வீடியோ. டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் பலருக்கு டிக் அடங்கிவிடும், 'ஒன்றுமில்லையே' என்ற முகத்தோடு திரும்பி வர நேரும். ஆகவே நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் வீட்டில் எடுத்த இரண்டு மூன்று நிமிட வீடியோ, அவருடைய சம்மதத்தோடு, போனில் இருக்கட்டும்.

அம்மா அப்பா செய்ய வேண்டும் என்கிறார்கள், 24 வயது மகன் வேண்டாம் என்கிறான். யார் சொல்வது செல்லும்?

மகன் சொல்வது. தலையும் அவனுடையது, பிறகு வருடக்கணக்காகக் கிளினிக்குக்குப் போய், ஒவ்வொரு படியிலும் என்ன உணர்கிறான் என்று சொல்ல வேண்டியவனும் அவன்தான். அவன் ஒத்துழைக்காமல் அந்தக் கருவியைச் சரிப்படுத்தவே ஏலாது. ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேளுங்கள். வாய்ப்பிருந்தால் சத்திரசிகிச்சை செய்த ஒருவரோடு தனியாகக் கதைக்க விடுங்கள், நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால், பயிற்சியையும் மருந்தையும் தொடருங்கள். ஒரு வருடம் கழித்து அவனே கேட்டால் அன்றைக்கும் இதே வழி திறந்துதான் இருக்கும்.